எர்த் எங்கிருந்து வருகிறது? கார் ஜன்னலின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1999 நவம்பர் மழையில், சென்னை புதுப்பேட்டைக்குப் பக்கத்தில் நான் ஹெல்பராக இருந்த ஆட்டோ எலக்ட்ரிகல் கடைக்கு ஒரு டிராவல்ஸ் வண்டி வந்து நின்றது. பின்பக்க இடது கதவின் கண்ணாடி பாதி இறங்கியபடி நின்றுவிட்டது, ஏற மறுக்கிறது. பின் சீட்டின் இடது பக்கம் என்பது நம் ஊரில் வெறும் இருக்கை அல்ல. முதலாளி உட்காருகிற, கலெக்டர் உட்காருகிற, பெண் கொடுத்த மாமனார் உட்காருகிற இடம். அந்த இடத்தில் மழை பெய்துகொண்டிருந்தது. 'சாயங்காலம் ஏர்போர்ட் டிரிப்பு தம்பி, கண்ணாடி ஏறலேன்னா வண்டியப் புடுங்கி வேற ஆளுகிட்ட குடுத்துருவாங்க' என்றார் ஓட்டுநர்.

கடைக்காரரை நாங்கள் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அன்றைக்கு வெள்ளிக்கிழமை, தொழுகைக்குப் போயிருந்தார். வேலை தெரிந்தவன் என்று என்னை நானே நம்பத் தொடங்கியிருந்த வருடம் அது. டோர் பேடைக் கழற்றினேன். டெஸ்ட் லாம்ப்பின் கிளிப்பை வண்டியின் பாடியில் மாட்டி, முனையை மோட்டார் கப்ளரில் வைத்து, ஸ்விட்ச்சை அமுக்கச் சொன்னேன். விளக்கு பளிச்சென்று எரிந்தது. கரண்ட் வருகிறது, மோட்டார் சுற்றவில்லை, ஆகவே மோட்டார் போய்விட்டது. தர்க்கம் சுத்தமாக இருந்தது. ஓட்டுநர் மழையில் நனைந்துகொண்டே போய் ஒரு செகண்ட்ஹேண்ட் மோட்டார் வாங்கிவந்தார், சொந்தக் காசில். மாட்டினேன். கண்ணாடி அசையவில்லை.

பாய் வந்து பார்த்தார். திட்டவில்லை. டெஸ்ட் லாம்ப்பின் கிளிப்பைப் பாடியிலிருந்து எடுத்து, கப்ளரின் ஒரு வயரில் கிளிப்பையும் இன்னொரு வயரில் முனையையும் வைத்தார். ஸ்விட்ச்சை அமுக்கச் சொன்னார். விளக்கு எரியவில்லை.

'பாடில கிளிப் போட்டா எரியத்தாண்டா எரியும். மோட்டாரு பாடிலர்ந்தா எர்த் எடுக்குது? எர்த் எங்கருந்து வருதுன்னு பாத்தியா?'

'இல்ல பாய்.'

'டிரைவர் டோர்லர்ந்து வருது. அங்க போய்ப் பாரு.'

ஓட்டுநர் கதவில் இருந்த மாஸ்டர் ஸ்விட்ச்சைப் பிரித்தால், பின் இடது கண்ணாடிக்கான பொத்தானின் கீழே செம்புத் தகடு கருகிப் பச்சை பூத்துப் போயிருந்தது. எமரி தாளால் தேய்த்து மாட்டினோம். கண்ணாடி ஏறியது. கழற்றிப்போட்ட மோட்டாரில் ஒரு கோளாறும் இல்லை. ஆனால் மாட்டிக் கழற்றிய சாமானைச் சந்தையில் திருப்பி எடுக்கமாட்டார்கள். அந்த ஓட்டுநருக்கு மோட்டார் காசும் போயிற்று, அதற்குள் நேரமாகி டிரிப்பும் போயிற்று. அதன்பிறகு அவர் எங்கள் கடைப்பக்கம் வரவில்லை. அவர் முகம் எனக்கு இப்போதும் ஞாபகம் இருக்கிறது, பெயர் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த வருடங்களில் கடை சாத்திய பிறகு ராத்திரிகளில் சிறுபத்திரிகை படிக்கிறவனாகவும் இருந்தேன். அதிகாரம் மேலிருந்து கீழே மட்டும் இறங்குவதில்லை, வலைப்பின்னலாக எங்கும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பூக்கோவைப் பற்றி யாரோ எழுதியதைப் படித்துவிட்டு, காலையில் 'பவர் விண்டோ' கழற்றப் போவேன். ஆங்கிலத்தில் மின்சக்திக்கும் அதிகாரத்துக்கும் ஒரே சொல்தான் என்பதை வைத்து ஒரு கட்டுரை எழுதிவிடலாம் என்று தோன்றியதுண்டு. வெறும் சொல் விளையாட்டாகப் போய்விடும் என்று விட்டுவிட்டேன். பாய் கேட்ட கேள்விதான் விடவில்லை. எர்த் எங்கிருந்து வருகிறது?

விஷயம் இதுதான். கண்ணாடியை ஏற்றுவதும் இறக்குவதும் ஒரே மோட்டார். அதற்கு இரண்டு வயர். ஒன்றில் கரண்ட், இன்னொன்றில் எர்த் என்று கொடுத்தால் ஒருபக்கம் சுற்றும், மாற்றிக் கொடுத்தால் மறுபக்கம். யாரும் எந்த ஸ்விட்ச்சையும் தொடாதபோது இரண்டு வயருமே எர்த்தில் கிடக்கும். பின் சீட்டுக்காரர் தன் பொத்தானை அமுக்கினால் ஒரு வயர் எர்த்தை விட்டுக் கரண்டுக்குத் தாவுகிறது, மற்றது எர்த்திலேயே இருக்கிறது, மோட்டார் சுற்றுகிறது. ஆனால் அந்த எர்த் பின் கதவில் கிடைப்பதில்லை. வயர் பின் ஸ்விட்ச்சைக் கடந்து, தூணுக்குள் நுழைந்து, கால்மிதிக்கு அடியில் ஓடி, ஓட்டுநர் கதவின் மாஸ்டர் ஸ்விட்ச்சுக்குள் போய், அங்கே சும்மா படுத்திருக்கிற ஒரு தகட்டின் வழியாகத்தான் எர்த்தைத் தொடுகிறது. தொண்ணூறுகளில் நம் கைக்கு வந்த கார்களில் பெரும்பாலும் இந்த ஏற்பாடுதான். இதில் சதி ஏதும் இல்லை. ஒரே மோட்டாரை இரண்டு இடத்திலிருந்து ரிலே இல்லாமல் இயக்குவதற்கு மலிவான வழி இது. இருவர் ஒரே நேரத்தில் எதிரெதிராக அமுக்கினால்கூட மோட்டாரின் இரண்டு பக்கமும் கரண்ட் வந்து சும்மா நிற்குமே தவிர, ஷார்ட் ஆகாது. நல்ல மூளை வேலை செய்திருக்கிறது.

ஆனால் விளைவைப் பாருங்கள். பின் சீட்டில் இருப்பவரின் பொத்தான் நன்றாக இருக்கலாம், மோட்டார் நன்றாக இருக்கலாம், கரண்ட் வந்து நிற்கலாம். முன்கதவில் அவர் கண்ணுக்கே தெரியாத ஒரு தகடு கருகியிருந்தால் அவரது ஜன்னல் திறக்காது. இன்னொன்றும் உண்டு. அந்த எர்த் அறுந்திருக்கும்போது பாடியில் கிளிப் போட்டுப் பார்த்தால் மோட்டாரின் இரண்டு வயரிலுமே விளக்கு எரியும். கரண்ட் போக வழியில்லாமல் இரு பக்கமும் தேங்கி நிற்கிறது. இரண்டையும் தொட்டுப் பார்த்திருந்தால் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும். ஒன்றைத்தான் தொட்டேன்.

ஜன்னலின் கட்டுப்பாடு, ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவரின் கையைவிட்டு எப்போது, எந்த வழியாக நகர்ந்தது என்று அதற்குப் பிறகு தேடத் தொடங்கினேன்.

முதலில் தோல் வார் இருந்தது. குதிரைக் கோச்சில் இருந்து ரயில் பெட்டிக்கும் அங்கிருந்து மூடிய மோட்டார் வண்டிக்கும் வந்த ஏற்பாடு. வாரில் வரிசையாக ஓட்டைகள், கதவில் ஒரு முளை. எந்த ஓட்டையை முளையில் மாட்டுகிறோமோ அந்த உயரத்தில் கண்ணாடி நிற்கும். இதில் பழுது என்று சொன்னால் வார் அறுவதுதான். பழுதுபார்ப்பவர் சேணம் தைக்கிறவர். இந்த இடத்தில் நம் கார் வரலாறுகள் மௌனமாகக் கடந்துபோகிற ஒரு விஷயம் இருக்கிறது. மோட்டார் தொழிலின் முன்னோர்கள் என்று கொல்லரையும் தச்சரையும் சொல்வார்கள், தோல் வேலைக்காரரைச் சொல்வதில்லை. சென்னையில் 1840-இல் தொடங்கிய சிம்ப்சன் கம்பெனி சேணமும் கோச்சு வண்டியும் செய்துதான் வளர்ந்தது, 1903-இல் இந்தியாவின் முதல் நீராவிக் காரைக் கட்டியதாகவும் அதே கம்பெனியைச் சொல்கிறார்கள். சீட்டு, வார், மேற்கூரை என்று அந்தக் கால வண்டியில் தோலில்லாத இடம் குறைவு. அந்தத் தோலைப் பதனிட்டவர்கள் எந்தத் தெருவுக்குள் எப்படி நடக்க வேண்டியிருந்தது என்பதை இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

பிறகு கைப்பிடி வந்தது. 1920களில் அமெரிக்காவில் மூடிய கார்கள் பெருகியபோது சுற்றுகைப்பிடியும் பரவியது. கதவுக்குள்ளே கத்தரிக்கோல் மாதிரி இரண்டு கைகள், அவற்றை அசைக்க அரைவட்டப் பல்சக்கரம், கண்ணாடியின் கனத்தைத் தாங்க ஒரு சுருள் ஸ்பிரிங். இதன் பெயர் ரெகுலேட்டர். 2014-இல் உற்பத்தி நின்ற அம்பாசடரில் சவாரி செய்தவர்களுக்குத் தெரியும்: ஒவ்வொரு கதவுக்கும் ஒரு கைப்பிடி, ஒவ்வொருவருக்கும் அவரவர் ஜன்னல். கைப்பிடி கழன்று விழுந்தால் எடுத்துத் திரும்பச் செருகிக்கொள்ளலாம். கண்ணாடி உள்ளே விழுந்துவிட்டால் ஒரு மரத்துண்டை ஆப்பு மாதிரி வைத்து நிறுத்திக்கொண்டு ஊர் போய்ச் சேரலாம். மந்திரிகள் வந்த அம்பாசடரிலும் கண்ணாடியை இறக்க யாராவது ஒருவர் சுற்றித்தான் ஆகவேண்டும். மனுவோடு ஓடிவருகிறவனுக்கு, உள்ளே இருப்பவர் கை சுற்றுகிறதா இல்லையா என்பது வெளியிலிருந்தே தெரிந்தது. சுற்றாத கைக்குச் சாக்குச் சொல்ல முடியாது.

ஜன்னலுக்குள் மின்சாரம் நுழைந்தது அமெரிக்கப் பணக்கார வண்டிகளில். 1940-இல் பேக்கார்ட் கம்பெனி தன் 180 வரிசையில் கொண்டுவந்தது. அடுத்த வருடமே ஃபோர்டின் லிங்கன் கஸ்டம் லிமோசினில் வந்தது. இவை நேரடி மின்சாரம் அல்ல. மின்சாரப் பம்ப் ஒன்று எண்ணெயை அழுத்தி அனுப்ப, கதவுக்குள் இருக்கும் சிலிண்டர் கண்ணாடியைத் தூக்கும். எண்ணெய் கசிந்தால் கதவின் பெயின்டும் சீட்டுத் துணியும் நாசம். கார் எலக்ட்ரீசியனுக்கும் பிரேக் வேலைக்காரருக்கும் இது யார் வேலை என்று சண்டை வந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். அதே 1941-இல் கேடிலாக்கின் 75 வரிசையில், எண்ணெய் இடையீடு இல்லாமல் நேரடி மின்சாரத்தால் ஏறி இறங்கிய கண்ணாடி ஒன்று இருந்தது. பக்கவாட்டு ஜன்னல்களுக்கு அது கொடுக்கப்படவில்லை. முதலாளிக்கும் ஓட்டுநருக்கும் நடுவே நின்ற தடுப்புக் கண்ணாடிக்குக் கொடுக்கப்பட்டது. பேச்சு கேட்கக்கூடாதபோது ஏறும், உத்தரவு சொல்லவேண்டியபோது இறங்கும். எல்லா ஜன்னல்களுக்கும் நேரடி மோட்டார் வந்தது 1951-இல், கிரைஸ்லரின் இம்பீரியல் காரில். அதன்பிறகு வந்ததெல்லாம் விலை குறைந்ததும் பரவியதும்தான், அதை இங்கே நீட்ட வேண்டாம்.

கவனிக்கவேண்டியது, இந்த மாற்றத்தில் ஓட்டுநர் என்கிற ஆள் மாறிவிட்டார் என்பது. 1941 லிமோசினில் ஓட்டுகிறவர் சம்பளக்காரர். 1950களின் அமெரிக்கக் குடும்பக் காரில் ஓட்டுகிறவர் சொந்தக்காரர், பெரும்பாலும் அப்பா. எல்லாக் கண்ணாடிகளையும் தன் கதவிலிருந்தே ஏற்றி இறக்கும் மாஸ்டர் ஸ்விட்ச், பின் பொத்தான்களைச் செயலிழக்கச் செய்யும் லாக் ஸ்விட்ச் ஆகியவற்றுக்கு அந்த அப்பாவின் காரில் ஒரு அர்த்தம் இருந்தது. குடும்பத்தின் தலைவர், பின்னால் பிள்ளைகள், எர்த் அவர் கையில்.

அந்தக் கார் நம் ஊருக்கு வந்தபோது என்ன ஆயிற்று? 1991-க்குப் பிறகு வெளிநாட்டுக் கம்பெனிகள் வரிசையாக வந்தன, கண்ணாடி மோட்டார்கள் நடுத்தர வர்க்கத்துக் கதவுகளுக்குள்ளும் இறங்கின. இங்கே மாஸ்டர் ஸ்விட்ச் இருக்கும் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பல வண்டிகளில் மாதச் சம்பளத்துக்கு வந்த ஓட்டுநர். மாஸ்டர் பின்னால் இடதுபக்கம் இருந்தார். 'கண்ணாடிய ஏத்துப்பா' என்று ஒரு குரல் வரும், முன்னால் ஒரு விரல் அமுக்கும். பின் கதவிலேயே பொத்தான் இருந்தும் அதைத் தொடாத முதலாளிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பொத்தானைத் தானே அமுக்குவது அவர்களுக்கு ஏதோ கௌரவக் குறைச்சல். சிக்னலில் கை நீட்டுகிறவர்களிடமும் அவர்கள் முகம் கொடுக்க வேண்டியதில்லை. கண்ணாடி தானாக ஏறுகிறது, ஏற்றியது யார் என்று வெளியில் இருப்பவருக்குத் தெரியாது. அம்பாசடரில் சாக்குச் சொல்ல முடியாமல் இருந்த கை இங்கே மறைந்துவிட்டது.

எனவே வயரின் பாதையைப் பார்த்து, அதிகாரம் ஓட்டுநர் கதவில் இருக்கிறது என்று எழுதிவிட்டால் அது என் டெஸ்ட் லாம்ப் செய்த அதே தப்பு. சர்க்யூட் ஒரு அதிகார அமைப்பைச் சொல்கிறது, சம்பளம் இன்னொன்றைச் சொல்கிறது. இரண்டும் மோதுகிற இடத்தில் ஓட்டுநர் இருந்தார். கண்ணாடி நின்றுபோனால் 'நீ தான் அமுக்கி அமுக்கிக் கெடுத்த' என்று பழி அவர் தலையில் விழும். மாஸ்டர் ஸ்விட்ச்சை வைத்திருந்ததால் கிடைத்த ஒரே சொத்து அந்தப் பழி.

பழுது பார்ப்பது பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நம் பத்திரிகைகளில் உழைப்பு பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது, ஒரு வேலை எப்படிச் செய்யப்படுகிறது என்று எழுதப்பட்டது குறைவு.

எல்லாக் கண்ணாடியும் ஒரேயடியாக நின்றால் கதவைப் பிரிக்கவே கூடாது. ஃபியூஸ், ரிலே, மாஸ்டர் ஸ்விட்ச்சுக்கு வரும் பொது எர்த், இந்த மூன்றில் ஒன்று. ஒரு கண்ணாடி மட்டும் நின்றால், அதை மாஸ்டரிலிருந்து அமுக்கிப் பார்க்கவேண்டும். மாஸ்டரில் வேலை செய்து, தன் கதவில் செய்யவில்லை என்றால் மோட்டார் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். முதலில் லாக் பொத்தான் அமுங்கியிருக்கிறதா பார். இந்த ஒரு காரணத்துக்காக வண்டியை இழுத்துக்கொண்டு வந்தவர்கள் உண்டு, பாய் அவர்களிடம் காசு வாங்கமாட்டார். இரண்டிலும் அசையவில்லை என்றால் பொத்தானை அமுக்கியபடி உள்ளங்கையால் கதவில் ஓங்கி ஒரு தட்டு. அசைந்தால் மோட்டாருக்குள் கார்பன் தேய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. கதவைத் திறந்து மூடும்போது மட்டும் விட்டுவிட்டு வேலை செய்தால், கதவுக்கும் தூணுக்கும் நடுவே ரப்பர் குழாய்க்குள் ஓடும் வயர், ஆயிரக்கணக்கான தடவை மடங்கி மடங்கி உள்ளே அறுந்திருக்கும். மேலே தோல் நன்றாகத்தான் இருக்கும், பிடித்து இழுத்தால் ரப்பர் மாதிரி நீளும்.

மெதுவாக ஏறுகிற கண்ணாடி வேறு கதை. பாதிப் பேர் மோட்டாரைக் குறை சொல்வார்கள். கண்ணாடி ஓடுகிற சேனல் ரப்பர் தூசி பிடித்து வறண்டிருக்கும். அதில் எண்ணெய் விட்டால் ரப்பர் ஊதிவிடும், சிலிகான் ஸ்பிரே அடிக்கவேண்டும். திரும்பத்திரும்ப அமுக்கிப் பார்த்தால் மோட்டார் சூடாகித் தானே கரண்டைத் துண்டித்துக்கொள்ளும், அதற்குள் அந்தக் காவல் இருக்கிறது. கொஞ்ச நேரம் ஆறவிட்டால் மறுபடி ஓடும். இது தெரியாமல் உயிரோடு இருக்கிற மோட்டார்கள் எத்தனையோ புதுப்பேட்டைக்குப் போயிருக்கின்றன. பழைய இரும்புச் சந்தை என்பது பழுதான பொருட்களின் இடம் மட்டும் அல்ல, தவறான தீர்ப்புகளின் இடமும்தான்.

ரெகுலேட்டர் கத்தரி வகையாக இருந்தால் ஒரு ஆபத்து உண்டு. கண்ணாடியைக் கழற்றிய பிறகு மோட்டாரின் போல்ட்டைத் தளர்த்தினால், அந்தச் சுருள் ஸ்பிரிங் தேக்கிவைத்த பலம் முழுவதும் பல்சக்கரத்தை ஒரே வீச்சில் சுழற்றும். கைப்பிடிக் காலத்திலிருந்து வந்த ஸ்பிரிங் அது. கையால் சுற்றுகிறவரின் வலியைக் குறைக்க வைத்தது, மோட்டார் வந்த பிறகு பழுது பார்க்கிறவரின் விரலுக்கு எமனாகிவிட்டது. முதலில் பல்சக்கரத்தை ஒரு போல்ட்டால் தகட்டோடு சேர்த்துப் பூட்டிவிட்டுத்தான் மோட்டாரைத் தொடவேண்டும். பாயின் இடது கை ஆள்காட்டி விரலில் நகம் பாதிதான் இருந்தது. எப்போது என்று கேட்டதற்கு, 'பூட்டணும்னு எனக்கு யாரும் சொல்லித்தரல' என்றார். சொல்லித்தராததற்குக் காரணம் கம்பெனியின் சர்வீஸ் புத்தகங்கள் எங்கள் தெருவுக்கு வராததுதான். எங்கள் அறிவு முழுக்க, யாரோ ஒருவர் விரல் போனபிறகு கிடைத்த அறிவு.

விரல்களோடு இந்த வரலாறு நிற்கவில்லை. மோட்டாருக்கு இரக்கம் கிடையாது. மோட்டாரின் வார்ம் கியர் ஒருவழிப் பாதை, மோட்டார் கண்ணாடியை நகர்த்தலாம், கண்ணாடி மோட்டாரை நகர்த்த முடியாது. அதனால்தான் கண்ணாடி தானாக விழுவதில்லை. அதனால்தான் இடையில் மாட்டிய கழுத்தால் அதைத் தள்ளிவிடவும் முடிவதில்லை. அமெரிக்காவில் ஜன்னலுக்கு வெளியே தலை நீட்டிய குழந்தைகள், கைப்பிடித் திண்டில் முழங்கால் ஊன்றும்போது, அங்கிருந்த ஸ்விட்ச் தானே அமுங்கி, ஏறிய கண்ணாடியில் கழுத்து நெரிந்து செத்திருக்கிறார்கள். சாவி போடாமல் கண்ணாடி ஏறக்கூடாது என்கிற விதி அங்கே 1971-லேயே வந்துவிட்டது. ஆனால் சாவி போட்டு வண்டி நிற்கும்போது நேர்ந்த சாவுகள் தொடர்ந்தன. தற்செயலாக அமுங்காதபடி ஸ்விட்ச் இருக்கவேண்டும் என்று 2004-இல் விதி செய்தார்கள். மேலே இழுத்தால்தான் கண்ணாடி ஏறவேண்டும் என்று 2005-இல் சட்டம் சொன்னது. முழங்காலால் அமுக்கமுடியும், இழுக்கமுடியாது. அவ்வளவுதான் கண்டுபிடிப்பு. இழுக்கும் ஸ்விட்ச் அதற்கு முன்பே பல கம்பெனிகளின் கார்களில் இருந்தது. தெரியாததால் குழந்தைகள் சாகவில்லை.

மறுபடி அந்த மாஸ்டர் ஸ்விட்ச்சுக்கு வருகிறேன். 2009-இல் தென்னாப்பிரிக்காவில் காரில் பிடித்த தீயில் ஒரு குழந்தை இறந்தது. 2010 ஜனவரியில் ஹோண்டா கம்பெனி உலகம் முழுவதும் சுமார் 6 லட்சத்து 46 ஆயிரம் கார்களைத் திரும்ப அழைத்தது. ஓட்டுநர் ஜன்னல் வழியாக மாஸ்டர் ஸ்விட்ச்சுக்குள் தண்ணீர் இறங்கி, ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம் என்பது காரணம். இந்தியாவில் 2007-ஆம் வருடத்து சிட்டி கார்கள் 8,532 அதில் அடக்கம். 2012 அக்டோபரில் டொயோட்டா 74 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களை அழைத்தது. அதுவும் மாஸ்டர் ஸ்விட்ச். தொழிற்சாலையில் கிரீஸ் சமமாகப் பூசப்படவில்லை, உரசல் ஏற்பட்டு ஸ்விட்ச் உருகலாம், புகையலாம். 2015-இல் இன்னொரு 65 லட்சம், மறுபடியும் அதே ஸ்விட்ச், அதே கிரீஸ்.

மழைத் தண்ணீரும் கிரீஸும் கருகிய தகடும் எங்கள் தெருவில் தினமும் பார்த்த நோய்கள்தான். உலகத்தின் பெரிய கம்பெனி 74 லட்சம் வண்டிகளுக்குச் சொன்ன வைத்தியமும் ஸ்விட்ச்சைத் திறந்து பார்த்துச் சரியான கிரீஸ் பூசுவதுதான் என்று படித்தபோது, பாயிடம் காட்டிச் சிரிக்கவேண்டும் போல் இருந்தது. ஆனால் அதே அறிக்கையில் இன்னொன்றும் சொல்லியிருந்தார்கள். கடையில் கிடைக்கும் சாதாரண மசகு எண்ணெய்களை இந்த ஸ்விட்ச்சில் போட்டால் அதனாலேயே உருகலாம், புகையலாம். சிரிப்பு நின்றுவிட்டது. மாஸ்டர் ஸ்விட்ச்சுகளில் நாங்கள் என்னென்ன போட்டிருக்கிறோம் என்று எனக்குத் தெரியும். கையில் இருந்தது எதுவோ அது. எமரி தாளால் தேய்த்த அந்த டிராவல்ஸ் வண்டியின் தகடும் மேல்பூச்சு போய் எத்தனை நாள் தாங்கியிருக்கும்? தெருவோர அறிவை 'மாற்று அறிவு' என்று தூக்கிப் பிடிப்பதில் எனக்கு ஆசை உண்டு. ஆனால் எந்த கிரீஸ் என்கிற தகவல் ஒரு பக்கமும் ஸ்விட்ச்சைத் திறக்கிற கை இன்னொரு பக்கமும் இருக்கும்வரை அந்த அறிவால் ஆட்கள் காயப்படவும் செய்வார்கள்.

இந்தப் பிரிவினையைப் பற்றி இந்தியாவில் அதிகாரபூர்வமாகவும் பேசப்பட்டிருக்கிறது. 2011-இல் ஒருவர் கொடுத்த புகாரிலிருந்து கிளம்பிய விசாரணையில், 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் தகவல்களையும் வெளியே இருக்கும் மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. கம்பெனிகளின் வாதத்தில் ஒன்று, பயிற்சி இல்லாத மெக்கானிக்குகளால் பாதுகாப்புக்கு ஆபத்து என்பது. பயிற்சிப் புத்தகத்தைக் கொடுக்காதவர்கள் பயிற்சி இல்லை என்று சொன்னார்கள். அபராதம் மேல்முறையீட்டுக்குப் போயிற்று. அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் 2012-லேயே மக்கள் ஓட்டுப்போட்டு, இந்தத் தகவல்களைக் கொடுத்தே ஆகவேண்டும் என்று சட்டமாக்கினார்கள். அந்த இயக்கத்தில் மெக்கானிக்குகள் முன்னால் நின்றார்கள். இங்கே நம் தொழிற்சங்கங்கள் தொழிற்சாலை வாசலில் நின்றன, அது தேவைதான், ஆனால் தெருவோர ஒர்க்‌ஷாப் பையனுக்கு எந்தச் சங்கமும் எட்டவில்லை. அவனைத் தொழிலாளி என்பதா, சிறுமுதலாளியின் எடுபிடி என்பதா என்கிற குழப்பத்தில் கோட்பாடும் அவனை விட்டுவிட்டது. நானும் அவனாக இருந்தவன், நானும் எழுதவில்லை.

2003-இல் நான் அந்தத் தொழிலை விட்டுவிட்டேன். பாய் இப்போது கடையில் உட்கார்ந்திருக்கிறார், கண் சரியில்லை. மகன்தான் வேலை பார்க்கிறான். போன மாதம் போயிருந்தபோது ஒரு வண்டி நின்றது. பேட்டரி மாற்றியதிலிருந்து ஓட்டுநர் கண்ணாடி ஒரே தொடுகையில் ஏறுவதில்லை, விட்டுவிட்டு ஏறுகிறதாம். வேறு ஒரு இடத்தில் கதவு மாட்யூலையே மாற்றவேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அவன் கண்ணாடியை முழுக்க ஏற்றி, ஸ்விட்ச்சை இழுத்தபடியே சில நொடிகள் பிடித்தான். விட்டான். சரியாகிவிட்டது. கண்ணாடி எதிலாவது முட்டினால் திரும்பி இறங்குகிற வண்டிகளில், மேல் எல்லை எது என்பதை பேட்டரி எடுத்தவுடன் மாட்யூல் மறந்துவிடும். திரும்பச் சொல்லிக்கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

அவனிடம் கேட்டேன், 'இப்பல்லாம் பின்கதவுக்கு எர்த் எங்கருந்துப்பா வருது?'

'அந்தக் கதவுலயே இருக்குண்ணே. கரண்டும் அங்கயே இருக்கு. குடுக்கலாமா வேணாமான்னு மாட்யூல்தான் சொல்லும். ஸ்விட்ச்சு சும்மா கேக்குற வேலதான். டெஸ்ட் லாம்ப்பு வச்சீங்கன்னா மாட்யூல் போயிடும்.'

பழைய டெஸ்ட் லாம்ப் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. பாய் எங்கள் பேச்சைக் கேட்டபடி, 'அப்ப எப்படித்தான் பாக்குறது?' என்றார் மகனிடம். அவன் ஸ்கேனரை எடுத்து இன்னொரு வண்டியில் சொருகினான். பின் இடது கதவு என்று தமிழில் முணுமுணுத்துக்கொண்டே திரையில் தேடினான். இந்த மாடலுக்கு அப்டேட் தேவை, வருடச் சந்தா கட்டவும் என்று வந்து நின்றது.